உட்கார்ந்தபடி பார்த்த பிச்சாவரம்

கடலூரிலிருந்து பிச்சாவரம் போக நினைக்கிறவர்கள் காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தண்ணீரில் கண் கூசும், திறந்து பார்க்க முடியாது. சிதம்பரத்திலிருந்து உள்ளே போகும் டவுன் பஸ்ஸும் மணிக்கு ஒன்றுதான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நாங்கள் போனது வேறு காரியமாக.

2009 ஜனவரி, பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிறு. நானும் என் மனைவி கமலாவும் மகள் வசந்தியும் திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தில் 6.35 வண்டியைப் பிடித்தோம். சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்குப் பதினாறு ரூபாய். அகலப் பாதை வேலை நடந்துகொண்டிருந்ததால் அப்போது ரயில் கிடையாது. நான் தபால் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கே போனாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது என் வியாதி. ஆறு மணிக்கே எங்களைப் பேருந்து நிலையத்தில் நிறுத்திவிட்டதாகக் கமலா ஆலப்பாக்கம் வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

வசந்தி மட்டும் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். கிளிப்பச்சை நிறத்தில் புடவை, ஜன்னல் ஓர இருக்கை.

"அப்பா, நீங்க பிச்சாவரத்தச் சொல்வீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. கோயில்ல வெச்சிப் பாக்கலாம்னுதான மாமா சொன்னாரு?"

"காலேஜில படிக்கும்போது நீ வந்து போன எடமாச்சேம்மா. உனக்கும் நல்லா இருக்கும்ல" என்றேன். வண்டி புதுச்சத்திரத்தில் நின்றது, நான் இறங்கப்போகிறவன் போல வெளியே பார்த்தேன்.

விஷயம் இதுதான். வசந்திக்கு அப்போது இருபத்தாறு வயது. தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்து ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிப்போனது. ஒவ்வொரு எட்டுக்கும் இடது கையைத் தொடையில் ஊன்றித்தான் நடப்பாள். அதற்குள் நான்கு குடும்பங்கள் வீட்டுக்கு வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, அவள் காப்பித் தட்டோடு நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருந்தார்கள். நாலாவது தடவைக்குப் பிறகு அவள் என்னிடம் இரண்டு நிபந்தனை போட்டாள். இனி வீட்டில் வைத்துப் பெண் பார்க்கும் வேலை கூடாது. வருகிறவர்களிடம் காலைப் பற்றி முன்பே சொல்லிவிட வேண்டும், தெரிந்து வருகிறவர்கள் வரட்டும்.

புவனகிரியில் இருக்கும் என் மச்சான், அதாவது கமலாவின் தம்பி, இந்த வரனைக் கொண்டுவந்தான். பையன் செந்தில், அந்த ஊரிலேயே எலக்ட்ரிகல் கடை. அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கோயிலில் தற்செயலாகப் பார்ப்பதுபோல ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லை என்றால் இரண்டு தரப்புக்கும் தலைகுனிவு இல்லை. மச்சான் சிதம்பரம் கோயிலைச் சொன்னான். அந்தப் பிரகாரத்தின் நீளத்தை நினைத்துப் பார்த்தேன். வசந்தி கையை ஊன்றி ஊன்றி அவ்வளவு தூரமும் நடக்க, இரண்டு பேர் எதிரே நின்று பார்ப்பார்கள். அப்போதுதான் எனக்குப் பிச்சாவரம் ஞாபகம் வந்தது. படகில் எல்லோரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

மச்சானிடம் போனில், "கால் விஷயத்த நீ ஒண்ணும் பேசாத மச்சான். நான் நேர்ல பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றேன். "சரிங்க மாமா, நீங்க சொன்னா சரி" என்றான். வசந்தி கேட்டபோது, "சொல்லியாச்சும்மா" என்றேன். கமலாவிடமும் அதையே சொன்னேன். முதலில் பெண்ணோடு ஒரு மணி நேரம் பேசட்டும், அவள் பேச்சும் சிரிப்பும் மனசில் உட்கார்ந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எதையும் நான் யோசித்து வைக்கவில்லை.

8.00 மணி. பு.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி சிதம்பரம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லியும் கத்தரிக்காய் கொத்சும், தட்டு பதினெட்டு ரூபாய். கொத்சு இந்த ஊரில் சாப்பிட்டால்தான் கொத்சு. எனக்கு அன்று இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

8.20க்கு டவுன் பஸ். பதினாறு கிலோமீட்டர், ஆறு ரூபாய். அண்ணாமலை நகரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். கிள்ளையில் மீன் கூடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். அதன்பிறகு வயல் குறைந்து உப்பங்கழி தெரிய ஆரம்பிக்கிறது. காற்றில் சேறும் உப்பும் கலந்த வாசனை வரும். வசந்தி அதை மூச்சு இழுத்து வாங்கிக்கொண்டு, "வந்துட்டோம்" என்றாள்.

9.05க்குப் பிச்சாவரம். ஒரு டீக்கடை, சுற்றுலா விடுதி, காட்சிக் கோபுரம், படகுத்துறை, அவ்வளவுதான். எதிரே தண்ணீர் ஏரிபோல விரிந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் ஒரே பச்சையாகக் காடு. காடு தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. நடக்கிற பாதை எதுவும் அதற்குள் கிடையாது. ஓடை ஓடையாகப் பிரிந்துபோகும் தண்ணீர்தான் பாதை. தனியாக விட்டால் எந்த ஓடையில் நுழைந்தோம் என்று யாருக்கும் தெரியாது.

ஆறு பேர் உட்காரும் துடுப்புப் படகுக்கு ஒரு மணி நேரத்துக்கு இருநூற்று எழுபது ரூபாய் கட்டினேன். பையன் வீட்டார் பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. ஒன்பதரைக்கே மனைவியையும் மகளையும் படகில் ஏற்றி உட்கார வைத்துவிட்டேன்.

"ஆளுங்க வந்தப்பறம் ஏறிக்கலாமே சார்? வெயில்ல எதுக்கு ஒக்காந்துகிட்டு?" என்று சீட்டுக் கொடுத்தவர் கேட்டார்.

"காத்து நல்லா வருது" என்றேன். காற்று இலேசாகக்கூட அசையவில்லை. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மூவரும் வேர்த்தோம்.

10.05. செந்திலும் அவன் அம்மாவும் வந்தார்கள். பையன் வெள்ளைச் சட்டை, கொஞ்சம் கூச்சம். அம்மா கனத்த உடம்பு, உரக்கப் பேசுகிறவர். படகில் ஏறும்போது வசந்தி கை நீட்டினாள், அவரும் பிடித்துக்கொண்டு ஏறினார். "எம்மா நேரமா ஒக்காந்திருக்கீங்க? நாங்கதான் லேட்டா?" என்று கேட்டுக்கொண்டே வசந்திக்கு எதிரே உட்கார்ந்தார். கடைசியாக டீக்கடையிலிருந்து படகுக்காரர் வந்து பின்புறம் ஏறித் துடுப்பை எடுத்தார். நாற்பது வயது இருக்கும், வெயிலுக்குத் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தார்.

திறந்த தண்ணீரைக் கடக்கும்வரை கமலாவும் அந்த அம்மாவும் ஊர்க்கதை பேசினார்கள். புவனகிரியில் கமலாவின் அப்பா வீடு எந்தத் தெரு, யாருக்கு யார் சொந்தம் என்று போயிற்று பேச்சு. ஓடைக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள் வளைந்து தலைக்கு மேல் கை கோத்திருந்தன. வேர்கள் கிளையிலிருந்து இறங்கி முட்டுக் கொடுத்த மாதிரி தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே வெயில் இல்லை, உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. ஒரு நீலநிற மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே வந்தது.

செந்தில் முதல் தடவையாக வாய் திறந்தான். "அது காயாங்க? முருங்கக்கா மாதிரி தொங்குதே."

"காய் இல்லீங்க, நாத்து" என்றாள் வசந்தி. "இந்தச் சுரபுன்னைக்கு விதை மரத்துலயே மொளைச்சிடும். தண்ணில விழுந்தா அடிச்சிகிட்டுப் போயிடும்ல, அதனால ஓரளவு வளத்துட்டுத்தான் கீழ விடும். விழுந்தா நேரா சேத்துல குத்தி நின்னுக்கும்."

"அந்த மரம்?"

"அது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இதாலதான். ஆனா மரம் அங்க இல்ல, இங்கதான் இருக்கு. கிள்ளிடாதீங்க, பாலு கண்ணுல பட்டா ஆபத்து."

செந்திலின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல பிரியம் தெரிந்தது. என் திட்டம் பலித்துவிட்டதாக நினைத்து நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். அப்போதுதான் படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

"இந்தக் கொரல நான் கேட்டிருக்கேனே. பாப்பா, நீயா? ஆரஞ்சு சட்டையில அடையாளமே தெரில."

"ஏழுமலண்ணே, நீங்கதானா?" வசந்தி திரும்பினாள்.

ஏழுமலைக்கு ஒரே குஷி. என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், இந்தப் பொண்ணு காலேஜில படிக்கும்போது ரெண்டு வருஷம் என் படகுலதான் வரும். அந்தக் கால வெச்சிகிட்டு முட்டி சேத்துல எறங்கி நின்னு வேர எண்ணும். மத்த புள்ளைங்கல்லாம் தடுக்கித் தடுக்கி விழும், இது விழாது. 'சேத்துல எறங்குனா எல்லாரும் என்ன மாதிரிதாண்ணே நடக்கணும்'னு சொல்லிச் சிரிக்கும். இப்ப காலு எப்படிம்மா இருக்கு?"

"எந்தக் காலு?" என்று கேட்டார் செந்திலின் அம்மா.

வசந்தி சாதாரணமாகத்தான் சொன்னாள். "எடது காலும்மா. ரெண்டு வயசுல போலியோ. அப்பா சொல்லியிருப்பாங்களே."

"யாரும் சொல்லலியேம்மா."

வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ தவறிப் போயிருக்கும், அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கைதான் அவள் முகத்தில் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் ஊரார் சேதியைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். பெற்ற மகள் கொடுத்த ஒரு சேதியைச் சேர்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"சொல்லல" என்றேன். "மச்சான் மேல தப்பில்ல. சொல்லாதன்னு அவன்கிட்ட சொன்னது நான்தான். நடக்கறத நீங்க பாக்க வேணாம்னுதான் படகு ஏற்பாடு பண்ணேன்."

கமலா என் பக்கத்தில்தான் இருந்தாள். தன் முந்தானையை என் கைக்கு அடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டாள்.

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா பாப்பா?" என்றார் ஏழுமலை, குரலே எழும்பாமல்.

"இல்லண்ணே. நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க."

செந்திலின் அம்மா, "படகத் திருப்புப்பா" என்றார்.

"இது குறுகின ஓடைம்மா. திருப்ப முடியாது. முன்னாடி போய் சுத்திதான் வரணும். அரமணி ஆவும்."

ஆக, அந்த அரை மணி நேரமும் நாங்கள் ஐந்து பேரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். பிச்சாவரத்தின் உள்காடு அழகானது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தது என் செருப்பையும் படகின் அடியில் தேங்கி நின்ற கொஞ்சம் தண்ணீரையும்தான். சுனாமி அலை வந்த வருஷம் இந்தக் காடு குறுக்கே நின்று தங்கள் ஊரைக் காப்பாற்றியதை ஏழுமலை யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டார். யாரும் 'உம்' கொட்டவில்லை.

ரொம்ப நேரம் கழித்து செந்தில் கேட்டான். "வேர எண்ணுவீங்கன்னாரே, அத எதுக்குங்க எண்ணணும்?"

வசந்தி கையால் காட்டினாள். ஓடையோரம் சேற்றுக்குள்ளிருந்து விரல் விரலாக நிறைய வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. "சேத்துக்குள்ள காத்து கெடையாது. அதனால வேரு மேல வந்து மூச்சு வாங்கும். ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சட்டம் போட்டு எத்தனை வந்திருக்குன்னு எண்ணுவோம். ஜாஸ்தி இருந்தா மரம் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"தண்ணி ஏறிடுச்சின்னா?"

"எறங்கற வரைக்கும் படகுல ஒக்காந்திருப்போம். ஏழுமலண்ணன் பாட்டுப் பாடுவாரு."

செந்தில் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

11.10. துறையில் படகு இடித்து நின்றது. நான் எழுந்து கை கொடுக்கப் போனேன். "நீங்க இருங்கப்பா" என்றாள் வசந்தி. "எல்லாரும் பாக்கத்தான வந்திருக்கோம். நான் மொதல்ல எறங்குறேன்."

பாதுகாப்புச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். இடது கையைத் தொடையில் ஊன்றிப் பலகையில் ஏறினாள். துறையின் மறுகோடி வரைக்கும் நடந்து போய் அங்கிருந்து திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தாள். வேகமாகவும் இல்லை, நிதானமாகவும் இல்லை, தினமும் பள்ளிக்கூடத்தில் எப்படி நடப்பாளோ அப்படி. நாங்கள் நான்கு பேரும் படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இவளுடைய இந்த நடையையா நான் ஒளித்து வைக்கப் பார்த்தேன் என்று இருந்தது.

டீக்கடை நிழலில் செந்திலின் அம்மா வசந்தியைக் கூப்பிட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"கண்ணு, கால் ஒரு விஷயமே இல்லன்னு நான் இப்ப சொன்னா அது பொய்யி. வீட்ல யோசிக்கணும். ஆனா அதக்கூட வுட்டுடு. உங்கப்பா சொல்றத இனிமே நான் எப்படி நம்பறது, அத சொல்லு."

"அப்பாவக் கேக்க வேணாம்மா" என்றாள் வசந்தி. "எதுவா இருந்தாலும் என்னையே கேளுங்க. நானும் யோசிக்கணும்."

செந்தில் தன் போனை எடுத்தான். அவள் தன் நம்பரைச் சொல்ல, அவன் அழுத்திக்கொண்டான். அந்த அம்மா என்னிடம் போய்வருகிறேன் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

12.15 பஸ்ஸில் தாயும் மகளும் ஒரு இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால், ஒரு மூட்டைக்குப் பக்கத்தில். சிதம்பரத்தில் சாப்பாடு, ஆளுக்கு முப்பது ரூபாய், யாரும் மோர் வரைக்கும் போகவில்லை. கடலூர் வண்டிக்குக் காத்திருந்தபோது கமலா தண்ணீர் பிடிக்கப் போனாள். வசந்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு என்ன நெனைச்சா வெக்கமா இருக்கா?"

"அய்யோ, இல்லம்மா. பயம். இன்னொரு வாட்டி உன்ன வேணாம்னுட்டா என்ன பண்றதுன்னு பயம்."

"நாலு வாட்டி வேணாம்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. அவுங்க என்னப் பாத்துட்டுத்தான் வேணாம்னாங்க. நீங்கதான் பாக்கவே விடல."

"தப்பு பண்ணிட்டேம்மா. மன்னிச்சிடு" என்றேன். அறுபத்தோரு வயதில் பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்வது நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. அவள் என் தோளில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் பார்த்து, "வெண்கண்டல்" என்று அந்த மரத்தின் பெயரைச் சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிச்சாவரம் போகிறவர்கள் ஒரு மணி நேரப் படகோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டு மணி நேரத்துக்கு எடுப்பது நல்லது. உப்பங்கழியில் தண்ணீர் நிறைந்திருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், அப்போதுதான் உள் ஓடைகளுக்குப் படகு போகும். தொப்பி அவசியம். கடலூரில் எங்களுக்கும் கடல் இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஆனால் தண்ணீருக்குள் இவ்வளவு நிழல் கிடையாது. நான் மறுபடியும் ஒரு தடவை போக வேண்டும். அந்த அரை மணி நேரக் காட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

3.50. திருப்பாப்புலியூரில் இறங்கினோம். அங்கிருந்து எங்கள் வீடு கடைத்தெரு வழியாகப் பத்து நிமிட நடை. வழக்கம்போல நான் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டேன். அவளுக்குக் கால் வலிக்குமே என்று கூப்பிடுவதாகத்தான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், என்னிடமும் சேர்த்து. "வேணாம்பா, நடக்கலாம்" என்றாள் வசந்தி. ஆட்டோக்காரரைப் போகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூவரும் நடந்தோம். பழக்கடைக்காரர் வசந்தியிடம் நலம் விசாரித்தார். அவளிடம் படிக்கிற ஒரு சிறுமி ஜவுளிக்கடை வாசலில் நின்று, "மிஸ்" என்று கூப்பிட்டுக் கையாட்டினாள். தெருமுனை திரும்பும்போது வசந்தியின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றம் வந்தது, அது என்னவென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"நீங்க போங்கப்பா. பேசிட்டு வரேன்."

யாரென்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. கமலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் அத்தனை பேருக்கு நடுவில் மகளைத் தனியாக நிற்க விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், நான் வீட்டைப் பார்த்து நடந்தேன்.